எதைத் துடைப்பது, எதை விட்டுவைப்பது

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைக் கரையிலிருந்து பார்த்தால் ஒரே பாறையில் செதுக்கி எடுத்ததுபோல் இருக்கும். படகில் போய் இறங்கி, பீடத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஓடும் இணைப்புக் கோடுகள் கண்ணில் படும். 38 அடிப் பீடம், அதன்மேல் 95 அடிச் சிலை, ஆக மொத்தம் 133 அடி. கணபதி ஸ்தபதியின் கைவண்ணத்தில் எழுந்து 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. எடை சுமார் 7,000 டன். 2004 டிசம்பரில் சுனாமி வந்து மோதியபோதும் அசையவில்லை. அந்த ஒரு நாளின் கதையை எல்லோரும் சொல்வார்கள். மற்ற நாட்களில் அந்தச் சிலைக்கு என்ன நடக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

அலை பாறையில் மோதிச் சிதறும்போது பறக்கும் திவலைகளில் மிகச் சிறியவை கீழே விழுவதில்லை. காற்றோடு மிதந்து போய்க் கல்லில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். சோறாக்கப் பயன்படும் அதே சோடியம் குளோரைடுதான். இந்த உப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் படிகமாக உறையும். கடலோரத்தில் இரவில் ஈரப்பதம் ஏறுகிறது, வெயில் ஏறியதும் இறங்குகிறது. ஆகவே மழையே பெய்யாவிட்டாலும், ஒரு சொட்டு நீரும் மேலே படாவிட்டாலும், கல்லின் நுண்துளைக்குள் உப்பு கரைவதும் உறைவதும் நடந்துகொண்டே இருக்கும்.

கரைசலாக இருக்கும்போது உப்பு இடுக்குக்குள் நுழைகிறது. படிகமாகும்போது தனக்கு இடம் வேண்டும் என்று துளையின் சுவரைத் தள்ளுகிறது. கருங்கல் இறுகிய கல்தான். அதன் உடம்பில் வெற்றிடம் ஒரு சதவீதம்கூட இருக்காது. ஆனால் உளிபட்ட மேற்பரப்பு வேறு. செதுக்கும்போது ஒவ்வொரு அடியும் மேல்தோலில் மயிரிழை விரிசல்களை விட்டுச் செல்கிறது. சிற்பியின் வேலை எங்கே நுணுக்கமாக இருக்கிறதோ, அதாவது கண்ணிமையிலும் விரல் நுனியிலும் துணி மடிப்பிலும், அங்கேதான் உப்புக்கு வாசல் அதிகம். சுவர் பொரிந்து உதிர்வதைக் கடலோரத்து வீடுகளில் பார்க்கிறோமே, அங்கே செங்கல்லில் சில ஆண்டுகளில் நடப்பது கருங்கல்லில் பல தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டு நடக்கிறது.

சரி, உப்பை எப்படி எடுப்பது? தண்ணீர் விட்டுக் கழுவினால் மேலே இருப்பது போகும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு உப்பையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். இதற்காகப் பாதுகாப்பு வல்லுநர்கள் கையாளும் முறை காகிதக் கூழ். வள்ளுவர் சிலையின் பராமரிப்பிலும் இதுவே நடக்கிறது. உப்பில்லாத சுத்தமான நீரில் ஊறவைத்துக் குழைத்த கூழைச் சிலையின்மேல் பூசி அப்பிவிடுகிறார்கள். முதலில் கூழிலிருந்து நீர் கல்லுக்குள் இறங்கி அங்கே இருக்கும் உப்பைக் கரைக்கிறது. பிறகு கூழின் வெளிமுகம் காற்றில் காய ஆரம்பிக்கிறது. காயக் காய, உள்ளே போன நீர் திரும்பி வெளியே இழுக்கப்படுகிறது. உப்பும் அதோடு சேர்ந்து வருகிறது. நீர் கடைசியாக ஆவியாகும் இடம் கல் அல்ல, கூழ். எனவே உப்பு உறைவதும் கூழில்தான். முற்றிலும் காய்ந்ததும் கூழ் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும்.

அந்தப் பாளத்தில் ஒரு துண்டை எடுத்துத் தூய நீரில் ஊறப்போட்டு, ஊறிய நீரில் சில துளி வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டுப் பாருங்கள். குளோரைடு இருந்தால் தெளிந்த நீரில் பால் கலந்ததுபோல் வெண்மை பரவும். அது வெள்ளி குளோரைடு. முதல் பூச்சில் வெள்ளை கெட்டியாக வரும், அடுத்த பூச்சில் மங்கலாகும். வெண்மை ஏறக்குறைய இல்லாமல் போகும்வரை கூழை மறுபடி மறுபடி பூச வேண்டும். சிலையின் உடல்நிலையைச் சொல்ல இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் பொருட்களே போதும்.

உப்பு வெளியேறிய பிறகு அடுத்த கட்டம் சிலிக்கான் சார்ந்த வேதிக் கலவையைப் பூசுவது. இதைப் பெயின்ட் என்று நினைத்துவிடக் கூடாது. பெயின்ட் கல்லின் மேல் ஒரு தோலாகப் படிகிறது, துளைகளை அடைத்துவிடுகிறது. சிலிக்கான் கலவையின் மூலக்கூறுகள் சிறியவை. துளைக்குள் நுழைந்து, துளைச்சுவரில் இருக்கும் சிலிக்காவோடு வேதிப் பிணைப்பு கொள்கின்றன. துளை திறந்தே இருக்கும், ஆனால் அதன் சுவரில் நீர் ஒட்டாது. மழைத்துளி உருண்டு விழும், உள்ளே சிக்கிய ஈரமோ ஆவியாக வெளியேறிவிடும். கல் மூச்சுவிட வழி இருக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

வரிசை மாறினால் காரியம் கெட்டுவிடும். உப்பை எடுக்காமல் கலவையைப் பூசினால், உள்ளேயிருந்து வரும் உப்புக்கரைசல் பூச்சின் எல்லைவரை வந்து அங்கேயே நின்றுவிடும். ஆவி மட்டும் வெளியே போகும், உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் பூச்சோடு சேர்த்துக் கல்லின் மேல்தோலையும் செதிலாகத் தள்ளிவிடும். பாதுகாக்கப் போய் அழித்த கதைகள் உலகம் முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கின்றன. கற்களுக்கு இடையிலான இணைப்புகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சிமென்ட் வைத்து இறுக அடைத்தால் உறுதியாகத் தோன்றும். ஆனால் அது கல்லின் விரிவுக்கும் சுருக்கத்துக்கும் வளைந்து கொடுக்காது, தன்னிடமுள்ள உப்புகளையும் கல்லுக்குள் செலுத்தும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த நம் பழைய சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, ஈரத்தை விடக்கூடியது. நெருக்கடி வந்தால் சாந்து உடையும், கல் உடையாது. உடைந்த சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.

கல்லில் மேலே படிந்த உப்பு பகை என்பது தெளிவு. உலோகத்துக்கு வரும்போது இந்தத் தெளிவு போய்விடுகிறது.

நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலையை இன்று பச்சையாக அல்லாமல் கற்பனை செய்யவே முடியாது. 1886 அக்டோபரில் திறந்துவைத்தபோது அது புதுச் செம்பு நிறத்தில் இருந்தது. சிற்பி பர்தோல்டி 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புத் தகடுகளை அடித்து உருக்கொடுத்தார். உள்ளே தாங்கி நிற்கும் இரும்புச் சட்டகத்தை அமைத்தவர் ஈபிள். முதல் சில ஆண்டுகளில் செம்பு பழுப்பானது. 1900 வாக்கில் பச்சை எட்டிப்பார்த்தது. 1906க்குள் சிலை முழுவதும் பச்சையானது. அரிப்பு பிடித்துவிட்டது என்று எல்லோரும் பதறினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் உள்ளும் புறமும் பெயின்ட் அடிக்க 62,800 டாலர் ஒதுக்கியது. பொதுமக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சிலையின் பொறுப்பில் அப்போது இருந்த ராணுவத்தின் பொறியாளர்கள் அந்தப் பச்சையை ஆராய்ந்தார்கள். அது செம்பைத் தின்னவில்லை, காக்கிறது என்று கண்டார்கள். வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. பொதுக் கலைப் பாதுகாப்பின் வரலாற்றில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று, ஒரு வேலையைச் செய்யாமல் விட்ட அந்த முடிவு.

களிம்பு எப்படிக் காவலாகிறது? செம்பு முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பழுப்பு ஆக்சைடாகிறது. அந்தக் காலத்து நியூயார்க் காற்றில் நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு நிறைந்திருந்தது. அது ஈரத்தோடு கலந்து ஆக்சைடின்மேல் செப்புச் சல்பேட் வகைத் தாதுக்களை உண்டாக்கியது. இவற்றில் முக்கியமானது புரோகன்டைட், பச்சை நிறம். நீரில் எளிதில் கரையாது. அடியில் இருக்கும் உலோகத்தோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் படலம் வளர வளர, அடியிலுள்ள செம்பை நீரும் காற்றும் நெருங்குவது கடினமாகிறது. அரிப்பு தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. புளி போட்டுத் தேய்த்த செப்புக்குடம் பளபளக்கும், ஆனால் அந்தப் பளபளப்பு ஒவ்வொரு முறையும் குடத்தின் மேனியிலிருந்து கரைத்தெடுத்த செம்பின் விலை. குடத்தைத் தினமும் தேய்க்கலாம், வேண்டுமானால் புதிதாக வாங்கலாம். 2.4 மில்லிமீட்டர் தகட்டில் அந்தச் செலவைச் செய்ய முடியாது.

சிலையின் உண்மையான நோய் யார் கண்ணிலும் படாத உட்புறத்தில் இருந்தது. செம்பும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் இரும்பு கரையும், செம்பு பத்திரமாக இருக்கும். இது புதிய செய்தி அல்ல. பிரிட்டிஷ் கடற்படையின் அலாரம் என்ற மரக்கப்பலின் அடிப்பாகத்துக்கு 1761இல் செப்புத் தகடு போர்த்தினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக ஆணிக்கும் செம்புக்கும் இடையே சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன. பாடம் அன்றே கிடைத்துவிட்டது. சுதந்திர தேவியைக் கட்டியவர்களும் இரும்புக்கும் செம்புக்கும் நடுவே அரக்குக் குழம்பில் தோய்த்த கல்நார் வைத்தார்கள். காலப்போக்கில் அது நீரை உறிஞ்சும் பஞ்சாக மாறி, தடுக்க வேண்டிய மின்னோட்டத்துக்குப் பாலமாகிவிட்டது. இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து வீங்கின. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம் செப்புத் தகட்டின் ஆணிகளைப் பிடுங்கி எறிந்தது.

1984 முதல் 1986 வரை நடந்த பெரும் சீரமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் கம்பிகளை ஒரு தடவைக்குச் சிலவாகக் கழற்றி, ஒவ்வொன்றின் வளைவையும் அப்படியே நகலெடுத்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பொருத்தினார்கள். இந்த முறை நடுவில் வைத்தது டெஃப்லான். உட்புறத்தில் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்த பெயின்டைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்த்தார்கள். அதற்கடியில் தார்ப்பூச்சு இருந்தது. மணலைப் பீய்ச்சினால் செம்பு தேய்ந்துவிடும் என்பதால் சமையல் சோடாப் பொடியைப் பீய்ச்சினார்கள். தார் போயிற்று, செம்புக்குக் கீறல் விழவில்லை. ஆனால் சோடா தகட்டு இடுக்குகள் வழியே வெளியே கசிந்த இடங்களில் களிம்பின் நிறம் மாறத் தொடங்கியது. வெளிப்புறத்தை நீர் விட்டு அலச வேண்டியதாயிற்று. உள்ளே மருந்தானது வெளியே நஞ்சானது. ஒரே சிலை, ஒரே தகடு, இடையில் 2.4 மில்லிமீட்டர்தான்.

நியூயார்க்கில் பச்சை காவலன் என்றால் சென்னை மெரினாவிலும் அப்படித்தானே என்று கேட்கத் தோன்றும். இங்கே கவனம் வேண்டும். 1959இல் அங்கே நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை வெண்கலம். செம்போடு வெள்ளீயம் முதலானவை சேர்ந்த கலவை. எதிரே திறந்த கடல். காற்றில் சல்பேட்டைவிடக் குளோரைடு தூக்கலாக இருக்கும் இடம். குளோரைடால் உண்டாகும் களிம்பும் பச்சைதான், ஆனால் அது சல்பேட் களிம்புபோல் இறுகிய கவசமாக எப்போதும் அமைவதில்லை. குளோரைடு படலத்தைத் துளைத்து உலோகத்தை அடைந்துவிட்டால் அங்கே ஒரு விஷவட்டம் தொடங்கும். அடியில் செப்புக் குளோரைடு உருவாகி ஒளிந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் எட்டியதும் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வெளிவிடும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தாக்கிப் புதிய செப்புக் குளோரைடை உண்டாக்கும். குளோரைடு செலவாவதே இல்லை, வேலை மட்டும் செய்துகொண்டே இருக்கும். வெண்கல நோய் என்று இதைச் சொல்வார்கள். இறுகிய பச்சையை நகத்தால் சுரண்டினால் வராது. நோய்ப்பச்சை விரலில் மாவாக ஒட்டும், அடியில் குழி தெரியும்.

இந்த நோயோடு போராடிய வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. மண்ணுக்கடியில் கிடந்து உப்பேறி வந்த சோழர் கால வெண்கலப் படிமங்களைக் காப்பதற்காக எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இந்திய அருங்காட்சியகங்களில் இத்தகைய முதல் ஆய்வகம் அதுதான். அதை வளர்த்தெடுத்த எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் படிமங்களிலிருந்து குளோரைடை வெளியேற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் நுட்பத்தையும் அவர் ஆராய்ந்தார். இந்தப் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அருங்காட்சியகத்துக்குள் ஈரப்பதத்தைக் குறைத்து வைத்தால் நோய் உறங்கும். கடற்கரையில் அது நடவாது. அங்கே செய்யக்கூடியது இரண்டுதான்: உப்பு ஊறுவதற்குமுன் கழுவுவது, கழுவிய பிறகு மெழுகிடுவது. வேலை எளிமையானது. மென்மையான சோப்புக் கரைசலும் தூரிகையும் கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவி, நல்ல நீரில் அலசிக் காயவிட வேண்டும். பிறகு சிறிய வாயு அடுப்புச் சுடரால் வெண்கலத்தை இளஞ்சூடாக்கி, பெட்ரோலிய நுண்படிக மெழுகைத் தூரிகையால் தடவ வேண்டும். சூடு பட்டதும் மெழுகு உருகிக் குழிகளுக்குள் இறங்கும். ஆறியதும் துணியால் தேய்த்தால் ஆழ்ந்த நிறம் திரும்பும். எந்த இடத்தில் மெழுகு போதவில்லை என்று மழையே காட்டிக் கொடுக்கும். நீர் ஓடும் தோள்பட்டையில் வெளிர்பச்சைக் கோடுகள், நீர் படாத கக்கத்தடியில் கரும்படிவு. ஆண்டுக்கு ஒருமுறை, கடலோரமானால் அதைவிட அடிக்கடி, இதைச் செய்ய வேண்டும். நீண்ட நாள் நிற்கும் அக்ரிலிக் மேற்பூச்சும் உண்டு. செப்பரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கலந்த அந்தப் பூச்சு சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் கிழிய ஆரம்பித்தால் கிழிசலுக்கடியில் ஈரம் புகும், அப்போது பழையதை முழுக்க எடுத்துவிட்டே புதியதைப் பூச வேண்டியிருக்கும். மெழுகுக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் நிலைமைக்கு மெழுகே நல்லது என்று நான் சொல்வேன்.

நம் ஊர்களில் தலைவர் சிலைகளுக்குப் பிறந்தநாள் வந்தால் பொன்னிறப் பெயின்ட் அடிக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், அதில் ஐயமில்லை. சிலை வெண்கலமாக இருந்தால் இந்த அன்பு அதற்குக் கேடு. உப்பைக் கழுவாமலே மேலே அடைக்கப்படுகிறது, ஈரம் அடியில் சிக்குகிறது, வெளியே தெரியாமல் நோய் வளர்கிறது. ஆண்டுதோறும் ஒரு பூச்சு ஏறினால் கண்ணிமையின் கூர்மையும் நகத்தின் வளைவும் மழுங்கி, சிற்பி செய்த முகம் வேறொரு முகமாகிவிடும். அதே பணத்தில் அதே நாளில் கழுவி மெழுகிட்டால் சிலை பல தலைமுறை நிற்கும்.

எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துக் காத்துவிட முடியுமா? ஃபுளோரன்ஸ் நகரம் இதற்குக் கசப்பான விடை கண்டது. கிபெர்ட்டி 1425 தொடங்கி 1452 வரை உழைத்துச் செய்த பொன்முலாம் பூசிய வெண்கலக் கதவுகள் ஞானஸ்நானக் கோயிலின் வாசலில் ஐந்து நூற்றாண்டு நின்றன. பொன் அரிக்காது. ஆனால் முலாமில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே ஈரம் அடியிலுள்ள செம்பை எட்டியது. செம்பும் பொன்னும் தொட்டுக்கொண்டிருப்பதால், சுதந்திர தேவியில் இரும்புக்கு நேர்ந்தது இங்கே செம்புக்கு நேர்ந்தது. பொன்னுக்கடியில் உப்புகள் விளைந்து, ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பொன்னைக் கொப்புளமாகத் தள்ளின. 1966 நவம்பர் வெள்ளம் பலகைகளைப் பிய்த்தெறிந்தது வேறு.

சீரமைப்பு கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்டு 2012இல் முடிந்தது. சட்டத்திலிருந்து கழன்ற பலகைகளை ரோஷெல் உப்புக் கரைசலில் ஊறவைத்தார்கள். இது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. புளிக்குப் புளிப்பைத் தருவதும் டார்டாரிக் அமிலமே. அமிலமாக இருந்தால் உலோகத்தையும் கரைக்கும். உப்பாக இருக்கும்போது அழுக்கிலுள்ள செப்புச் சேர்மங்களை மட்டும் பிடித்து இழுக்கும், பொன்னைத் தொடாது. கழற்ற முடியாத பகுதிகளுக்கு லேசர். கரிய அழுக்கு ஒளியை விழுங்கிச் சூடாகி ஆவியாகும், பொன் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். துடிப்பு மிகக் குறுகியது என்பதால் சூடு பொன்னுக்கடியில் பரவ நேரமிருக்காது. இவ்வளவு செய்தும் கதவுகளை மறுபடி வெளியே மாட்டவில்லை. ஈரம் குறைந்த கண்ணாடிப் பெட்டிக்குள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1990 முதல் வாசலில் நிற்பது நகல். கோயிலின் மற்ற இரண்டு கதவுகளும் பின்னர் உள்ளே போய்விட்டன.

சுவரோவியங்களுக்கு ஆயுள் இவ்வளவுகூட இல்லை. சென்னைக் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020 வாக்கில் எழுந்த பெரும் ஓவியங்களைப் போன்றவற்றுக்கு முதல் எதிரி வெயில். புற ஊதாக்கதிர் நிறமியின் மூலக்கூறுகளை வெட்டுகிறது. பேருந்து நிறுத்தத்தில் பல மாதம் கிடந்த சுவரொட்டியில் மஞ்சளும் சிவப்பும் போய் நீலம் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல கரிமச் சிவப்பு, மஞ்சள் நிறமிகள் வெயிலில் சீக்கிரம் தோற்கும்; செப்பு கலந்த தாலோ நீலமும் பச்சையும் நெடுநாள் தாங்கும்; காவி மண்ணின் இரும்பு ஆக்சைடு நிறங்கள் எல்லாவற்றையும்விட உறுதியானவை. வெள்ளையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு வெயில் பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பசையையே சிதைக்கும். விரலால் தேய்த்தால் வெண்பொடி ஒட்டுவது அதனால்தான். புதிதாகப் பூசிய சிமென்ட் கடும் காரத்தன்மை கொண்டது. அது ஆறுவதற்குமுன் வரைந்தால் கீழேயிருந்தும் தாக்குதல் வரும்.

எனவே சுவரோவியத்தின் பாதுகாப்பு வரைவதற்கு முன்பே தொடங்குகிறது. எந்த நிறுவனத்துப் பெயின்ட், எந்த எண் நிறம், சுவருக்கு என்ன அடிப்பூச்சு, நிறம் மங்கினால் தானே வந்து தீட்டுவாரா, வேறொருவர் தீட்டச் சம்மதமா, அல்லது மறைந்துபோக விட்டுவிடலாமா என்று ஓவியரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு ஒரு சிறு பலகையில் அதே நிறங்களை அதே வரிசையில் பூசி, வெயில் படாத அலமாரிக்குள் வைக்க வேண்டும். 10 ஆண்டு கழித்துச் சுவரில் இருப்பது ஓவியர் வைத்த இளஞ்சிவப்பா, சிவப்பு வெளிறியதா என்ற கேள்வி வரும். அப்போது பலகையை எடுத்துச் சுவரோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.